சுண்டக் காய்ச்சிய தண்ணீர்

அன்புத் தங்கைக்கு அக்கா எழுதுவது.

எல்லோரும் நலம் என்று எழுதத்தான் கை போகிறது. ஆனால் நம் வாலுவின் ரத்தத்தில் ஈயம் ஏறியிருக்கிறது. போனில் சொன்னால் நீ அழுவாய். எனக்கு அழுகை வராது, நீ தப்பாக எடுத்துக்கொள்வாய். அதனால்தான் எழுதுகிறேன்.

கொஞ்ச நாளாகவே உன் பிள்ளை அமைதியாக இருந்தான். சோபாவில் ஏறிக் குதிப்பதில்லை. உன் அத்தானின் கண்ணாடியை ஒளித்து வைப்பதில்லை. நாலு வயதிலேயே வாலைச் சுருட்டிக்கொண்டானே என்று எனக்குச் சந்தோஷம்தான். அப்புறம் வயிற்று வலி வந்தது. நர்சரி டீச்சர், "தெரிஞ்ச வார்த்தையெல்லாம் மறந்துடறான், டாக்டர்கிட்ட காட்டுங்க" என்றாள்.

டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, என்ன தண்ணீர் கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். நான் பெருமையாகவே சொன்னேன். குழாய்த் தண்ணீர்தான், எங்களுக்கு ஒரு கொதி போதும், அவனுக்கு மட்டும் பாதியாகச் சுண்டும்வரை காய்ச்சிக் கொடுக்கிறேன் என்று. அவர், "கிருமின்னா செத்துடும்மா. ஈயம் எங்க போகும்? தண்ணிதான் ஆவியாப் போகும், மிச்சத்துல ஈயம் இன்னும் கூடித்தான் இருக்கும்" என்றார். தலையாட்டிவிட்டு வந்தேன். அன்று தைக்க வேண்டியதையெல்லாம் உட்கார்ந்து தைத்து முடித்தேன். ஒரு தையல்கூடப் பிசகவில்லை.

குடிநீர் அலுவலகத்தில் கேட்டால், "நாங்க அனுப்பறது சுத்தமான தண்ணி, உங்க கட்டடத்துலதான் பழைய ஈயக் குழாய்" என்கிறார்கள். வீட்டுக்காரர் தெருக் குழாயைக் கை காட்டுகிறார். கொடுத்த மனு யானை வாயில் போன கரும்புதான். உன் அத்தான் கத்திவிட்டு வந்தார். எனக்குக் கோபம்கூட வரவில்லை, மரத்துப்போயிருக்கிறேன்.

இப்போது கேன் தண்ணீர்தான் வாங்குகிறோம். ஆனால் குளிக்கும்போது கண் அசந்தால் குழாயில் வாய் வைத்துவிடுகிறான். நர்சரியிலும் இதே பழைய குழாய். எங்கள் வாடகைக்குக் கிடைக்கும் வீடுகளிலும் அதேதான். இனி கொஞ்சமும் ஏறக் கூடாது என்கிறார் டாக்டர். மறந்துபோனதெல்லாம் திரும்புமா என்று கேட்டேன், பார்ப்போம் என்றார்.

அதனால் நீ வந்து அவனைக் கூட்டிக்கொண்டு போ. வேலைக்காக நீ தங்கியிருக்கும் விடுதியில் பிள்ளைகளைச் சேர்க்க மாட்டார்கள் என்றால் தனி அறை பார். பள்ளிக்கூடம் சேரும்வரை என்னிடமே இருக்கட்டும் என்று நாம் பேசிக்கொண்டதை விட்டுவிடு.

அவன் என்னைத்தான் அம்மா என்கிறான், உனக்குத் தெரியும். இப்போது தினமும் உன் படத்தைக் காட்டி, இவள்தான் அம்மா, நான் பெரியம்மா என்று சொல்லிக்கொடுக்கிறேன். திருப்பிச் சொல்கிறான், சாப்பிட்டு முடிப்பதற்குள் மறந்துவிடுகிறான். மற்ற எதை மறந்தாலும் எனக்குப் பயமாக இருக்கிறது. இதை மறந்தால் மட்டும் பயமாக இல்லை.

சீக்கிரம் வா. நீயும் உன் பிள்ளையும் நோய்நொடியில்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
அவனுடைய பெரியம்மா