ரோபோவுக்கு வைத்த பொட்டு

சனிக்கிழமை, பெரம்பலூர்.

இன்று காலை எங்கள் வீட்டில் வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்த முடிவு ஒன்று எடுக்கப்பட்டது. எங்கள் மகள் யாழினி பொம்மைக் கட்டைகளால் கட்டிய ரோபோ வண்டி, எலுமிச்சம்பழத்தை நசுக்காமல் பள்ளிப் போட்டிக்குப் போகாது. முடிவெடுத்தவர் என் கணவர்.

எதிரில் ஏதாவது இருந்தால் தானாக நிற்கும் வண்டி அது. அதற்காகவே முன்னால் இரண்டு கண்கள் பொருத்தியிருந்தாள். பள்ளிப் போட்டியில் சுவரில் மோதாமல் நின்றால், அடுத்து அரியலூர் போட்டிக்குப் போகலாம்.

வண்டி பழத்தைப் பார்த்து நின்றுவிட்டது.

"பாத்தியா, திருஷ்டி. நகர மாட்டேங்குது" என்றார்.

"அது நிக்கணும்ப்பா! அதுக்குத்தான் கண்ணே வச்சேன்."

"சிறுவாச்சூர் கோயில்ல பழத்து மேல லாரியே ஏறுது. இது ஏறாதா?"

இரண்டு கண்களிலும் சந்தனத்தை அப்பி, குங்குமம் வைத்தார். வண்டி கிளம்பியது. அவரே மேலே கைவைத்து அழுத்த, பழம் நசுங்கியது. புது லாரி எடுத்தவரைப் போல நிமிர்ந்து நின்றார்.

யாழினி துடைக்கப் போனாள். "பொட்ட அழிச்ச, கைய ஒடிச்சிடுவேன்."

"கண்ண மறைக்குதுங்க" என்றேன். பள்ளியில் இயற்பியல் நடத்தும் என்னிடம், "ஒனக்கு என்ன தெரியும்?" என்றார்.

போட்டி தொடங்கும்வரை வண்டி அவர் மடியிலேயே இருந்தது. இறக்கிவிட்டதும் நேராகப் போய்ச் சுவரில் மோதிச் சிதறியது.

"பழம் வைக்கலேன்னா இன்னும் மோசமாயிருக்கும்" என்று வீடு வரும்வரை சொன்னார்.

அரியலூருக்குப் பாடாலூர்ப் பெண் ஒருத்தி போகிறாள்.