ஏரியில் இறங்கிய சிவப்பு விளக்கு

விருத்தாசலம்
17-9-1972

அன்பும் மரியாதையும் நிறைந்த உங்களுக்கு, கோமளம் நமஸ்கரித்து எழுதுவது.

இங்கே எல்லோரும் சௌக்கியம். நீங்கள் சென்னையிலிருந்து போட்ட கடிதம் நேற்று வந்தது. ஓட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று எழுதியிருந்தீர்கள். ராத்திரியில் மோர் சாதத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். புது செராமிக் ஜாடியில் போட்ட நாரத்தங்காய் ஊறிவிட்டது. அந்தப் பக்கம் போகிறவர்கள் யாராவது கிடைத்தால் கொடுத்தனுப்புகிறேன். உங்கள் அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. பெரியவனுக்குக் காலாண்டுப் பரீட்சை நடக்கிறது.

நீங்கள் சொன்னபடி ஆஸ்பத்திரிக்குப் போய் சாமிக்கண்ணுவைப் பார்த்தேன். தோள்பட்டை எலும்பு கூடி வருகிறதாம். கட்டோடு உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ரோட்டுல படகு மேல மோதி எலும்பு ஒடிஞ்சவன் இந்தத் தாலூக்காவுலயே நான் ஒருத்தன்தாங்க என்று சிரித்தார். பிறகு, பின்னால ஒரு செவப்பு லைட்டு எரிஞ்சிருந்தா சைக்கிளை நிறுத்தியிருப்பங்க என்றும் சொன்னார்.

வியாழக்கிழமை விசாரணையில் உங்களைக் கேட்பார்கள் என்றும், டிரைவர் ஜெயராஜ் டிரெய்லர் லைட்டின் பிளக்கைக் கழற்ற மறந்துவிட்டதாக எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள் என்றும் படித்தேன். நானும் அன்று அங்கே இருந்ததால், நினைவில் இருப்பதை எழுதுகிறேன். தவறாக இருந்தால் திருத்துங்கள்.

வெள்ளத்துக்கென்று உங்கள் ஆபீஸுக்கு வந்த புதுப் படகை வெலிங்டன் ஏரியில் விட்டுப் பார்க்கப் போனோம். அம்மா ஏரியைப் பார்க்க ஆசைப்பட்டதால் நானும் கூட வந்தேன். ஜீப்பின் பின்னால் டிரெய்லர், அதன்மேல் படகு. கரையில் பூஜை போட்டபோது, புது வண்டி, விளக்கு எரியட்டும் என்று அம்மா சொன்னார். ஜெயராஜ் லைட்டைப் போட்டார். டிரெய்லரின் பின்னால் இரண்டு சிவப்பு விளக்குகளும் எரிந்தன. அவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தோம். தேங்காய் உடைத்துக் கற்பூரம் காட்டி முடிய வெகு நேரம் ஆயிற்று.

டிரெய்லரைத் தண்ணீருக்குள் பின்னால் தள்ளுவதற்கு முன் ஜெயராஜ் உங்களிடம் வந்தார். ஐயா, லைட்டை அணைச்சி, பிளக்கைக் கழட்டிட்டு, பல்பு ஆறினப்பறம் எறக்கலாங்க, சூட்டோட தண்ணி பட்டா வெடிச்சிடும் என்றார். அம்மா காதில் அது விழுந்தது. சுப காரியத்தில் எரியற விளக்கை யாராவது அணைப்பாளா என்றார். நீங்கள், இருக்கட்டும் ஜெயராஜ், அப்படியே இறக்கு என்றீர்கள். அவர் ஒரு தடவை என்னைப் பார்த்தார். பிறகு போய் ஜீப்பில் ஏறிக்கொண்டார்.

தண்ணீருக்குள் இரண்டு விளக்கும் சிறிது நேரம் சிவப்பாகத் தெரிந்து அணைந்தன. படகு மெதக்குது, வெளக்குதான் முழுவிப்போச்சு என்று ஏரிக் காவல்கார நல்லமுத்து சொல்ல, நாம் எல்லோரும் சிரித்தோம். பல்பு வெடித்து, தண்ணீர் புகுந்து, ஜீப்பின் ஃபியூஸும் போய்விட்டது என்று திரும்பும்போதுதான் தெரிந்தது. இருட்டுவதற்குள் ஊர் சேர்ந்துவிடலாம் என்று கிளம்பினோம். பெண்ணாடம் ரயில்வே கேட்டில் கூட்ஸ் வண்டிக்காக நின்றதில் இருட்டிவிட்டது. சாமிக்கண்ணு வந்து மோதினது அங்கேதான்.

நேற்று ஜெயராஜின் மனைவி வந்திருந்தாள். செராமிக் பட்டறையில் பொம்மைகளுக்கு வர்ணம் தீட்டுகிறாள். விரல்களில் நீலம் போகவில்லை. அவரை வேலையிலிருந்து நிறுத்திவைத்த பிறகு அவள் கூலியில்தான் வீடு நடக்கிறது. சிபாரிசு எதுவும் கேட்கவில்லை. இன்னொரு தடவ கண்டிப்பாச் சொல்லக் கூடாதான்னு நானும் சண்ட போட்டங்கம்மா, அவங்க சாமி காரியத்துல, சர்ச்சுக்குப் போற வேதக்காரன் நான் வெளக்க அணைன்னு எத்தினி தடவ சொல்றதுங்கிறாரு என்றாள். காபி கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு வேலைக்கு நேரமாச்சு என்று போய்விட்டாள்.

அம்மா உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். மத்தியானம் சாப்பிடவில்லை. சொன்னது நான்தானே, என் பேரை எழுதிக் கொடுக்கச் சொல்லு என்கிறார். அம்மா சொன்னது அம்மாவின் நம்பிக்கை. ஆபீஸில் அது உத்தரவு ஆகாது என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்.

இந்த வருஷம் உங்களுக்குப் பிரமோஷன் வர வேண்டியது என்பதை மறந்துவிட்டு எழுதவில்லை. அது தள்ளிப்போனால் போகட்டும். இந்த இரண்டு அறை வீட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை. வியாழக்கிழமை கேட்கும்போது ஜெயராஜ் உங்களிடம் வந்து சொன்னதையும், அதற்கு நீங்கள் சொன்னதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். வேறு எதுவும் உங்களிடம் நான் கேட்கவில்லை.

நீங்கள் ஊர் திரும்பும் அன்று ஸ்டேஷனுக்கு ஜீப்பை ஜெயராஜ்தான் கொண்டுவர வேண்டும் என்று விருத்தகிரீஸ்வரரை வேண்டிக்கொண்டிருக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
கோமளம்