அத்தை சொன்ன ஹோலிக் கதை

அன்பு மகளுக்கு,

பகவான் புண்ணியத்தில் நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கி நல்லபடியாக இருக்கவேண்டும். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதக் கை வரவில்லை, அதனால் அதைப் பிறகு எழுதுகிறேன். முதலில், இந்த வருஷம் ஹோலிக்கு முதல்நாள் சாயங்காலம் தெருமுனையில் நெருப்பைச் சுற்றி யார் யார் இருந்தோம் என்று சொல்லிவிடுகிறேன். நான், உன் அப்பா, மாடிவீட்டு நர்ஸம்மா, தையற்கடைக்காரர், அவர் மனைவி, அவர்களுடைய சின்னப் பெண், ரிட்டையரான வாத்தியார், மருந்துக்கடை அண்ணன் தம்பி இரண்டு பேர், தெருப்பிள்ளைகள் ஒரு பட்டாளம், அப்புறம் நர்ஸம்மா இரவல் வாங்கிவந்த சக்கர நாற்காலியில் உன் அத்தை. ஆமாம், அத்தைதான். நீ வீட்டைவிட்டுப் போனதிலிருந்து ஹோலி நெருப்பு இருக்கும் திசையில் தலைவைத்துப் படுக்காதவள், இந்த வருஷம் வந்தாள். இதைப் போனில் சொல்லியிருக்கலாம். அத்தை பேச்சை எடுத்தாலே உனக்கு லைன் சரியில்லாமல் போய்விடுகிறது. காகிதத்தில் லைன் கட்டாகாது, அதனால் எழுதுகிறேன், கோபப்படாமல் கடைசிவரை படி.

அத்தைக்கு உடம்பு சரியில்லை என்று முன்பே சொல்லியிருக்கிறேன், எவ்வளவு என்று சொல்லவில்லை. வயிற்றில் வந்த கட்டி ஈரலுக்குப் போய்விட்டது. பெரிய டாக்டர் உன் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, அவங்க கேக்கறதைக் குடுங்க" என்று சொல்லிவிட்டார். கொடுக்கலாம், அவள் எதையாவது கேட்டால்தானே. இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஒரு சீப்புகூட வாய்திறந்து கேட்டவள் இல்லை. புருஷன் போய், அண்ணன் வீட்டுக்கு வந்து, நமக்குச் சமைத்துப்போட்டு, உன்னை மடியில் போட்டு வளர்த்து, எல்லோரும் சாப்பிட்டபிறகு மிச்சத்தைச் சாப்பிட்டே பழகிவிட்டாள். வீட்டுக்கணக்கு எழுதுகிறவள் நான், அவள் பேரில் செலவு எழுதியதே இந்த மருந்து வாங்கத் தொடங்கியபிறகுதான். ஹோலிக்கு முதல்நாள் காலையில் அவளாக முதல்முறை கேட்டாள், "அண்ணி, என்னை நெருப்புப் பாக்கக் கூட்டிட்டுப் போறீங்களா?" என்று. அதற்குமேல் நான் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை.

பிள்ளைகள் எப்போதும்போல ஒருவாரமாக விறகு திருடினார்கள். இந்த நெருப்புக்கு மட்டும் திருடினால் பாவமில்லையாம், யார் சொன்னதோ. மருந்துக்கடையின் பழைய ஷட்டர் பலகை, வாத்தியார் வீட்டு நொண்டிக் கட்டில், எல்லாம் போயிற்று. உன் அப்பா போன வருஷம் சாய்வு நாற்காலியைப் பறிகொடுத்தவர் ஆயிற்றே, இந்த வருஷம் புது நாற்காலியைவிட்டு எழுந்திருக்காமல் காவல் காத்தார். தையற்கடைக்காரர் வாசலில் நின்று, "சார், சாயங்காலம் நாற்காலியோட உங்களையும் சேத்துத் தூக்கிடுவாங்க, இறங்கிடுங்க" என்றார். அத்தை உள்ளே படுத்தபடி சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று.

நான் படிக்கிற புஸ்தகத்தில் இந்த நெருப்புக்கு இரண்டு கதை சொல்லியிருக்கிறது. ஒன்று, தவத்தைக் கலைத்த மன்மதனைச் சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்து எரித்தது. ரதி விழுந்து அழுததற்கு மனமிரங்கி, உருவமில்லாமல் அவனைத் திருப்பிக் கொடுத்தாராம். வசந்தத்தில் மரம் துளிர்ப்பதும் பூப்பதும் அவனால்தானாம். அந்தக் கதையில் எரிந்தவன் எப்படியோ திரும்பி வந்துவிடுகிறான். நம் தெருவில் சொல்வது மற்றது, ஹோலிகா கதை. அதில் எரிந்தவள் வருவதில்லை. வருஷாவருஷம் துணியில் அவளைப் பொம்மையாகச் செய்து விறகின்மேல் உட்காரவைத்து, அரக்கி அரக்கி என்று கத்தி, மறுபடியும் எரிக்கிறோம். மறுநாள் அந்தச் சாம்பலை நெற்றியில் இட்டுக்கொண்டு கலர்ப்பொடி பூசி விளையாடுகிறோம். இத்தனை வருஷம் நானும் புதுக்கதிரை நெருப்பில் வாட்டிப் பிரசாதமாகக் கொடுத்தேன், நெருப்பைச் சுற்றிவந்து கும்பிட்டேன், அவளைப் பற்றி ஒருநாளும் யோசித்ததில்லை.

கதை சொல்வது எப்போதும் வாத்தியார்தானே. இந்தமுறை அவர் கடைவாய்ப்பல் பிடுங்கிக்கொண்டு வாயில் பஞ்சோடு நின்றார். கதை இல்லாமல் நெருப்பு வைக்கக்கூடாது என்று பிள்ளைகள் பிடிவாதம். அவர் சைகையிலேயே இரணியனைக் காட்டப் பார்த்தார், மருந்துக்கடைத் தம்பி, "வாத்தியாரே, பல்லுவலியா இரணியனா, சரியாத் தெரியலையே" என்றதும் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அப்போதுதான் அத்தை, "நான் சொல்றேன்" என்றாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது. பிள்ளைகள் நாற்காலியைச் சுற்றி நெருங்கி உட்கார்ந்தார்கள். இரணியன் ராஜா, தன்னைத்தவிர வேறு சாமியே கிடையாது என்றவன், பெற்ற பிள்ளை பிரகலாதனோ நாராயணா நாராயணா என்கிறான், மலையிலிருந்து உருட்டியும் யானையை விட்டும் சாகவில்லை, என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். "அந்த ராஜாவுக்கு ஹோலிகான்னு ஒரு தங்கச்சி. நெருப்பு அவளைச் சுடாது, அப்படி ஒரு போர்வை வரமா வாங்கி வச்சிருந்தா. ராஜா அவளைக் கூப்பிட்டு, உன் மடின்னா பையன் வந்து உக்காருவான், அவனை வச்சுக்கிட்டு நெருப்புல உக்காருன்னு சொன்னான். அவ உக்காந்தா" என்றாள்.

தையற்கடைக்காரர் பெண் விடுவாளா. "பையன் ஏன் போய் உக்காந்தான்? அவனுக்கு அறிவில்லையா?" என்று கேட்டாள். அத்தை, "அத்தை மடிடீ. எந்தப் பிள்ளையாவது யோசிச்சிட்டா உக்காரும்?" என்றாள். எனக்கு நம் வீட்டுக் கூடம்தான் கண்முன் வந்தது. உனக்குத் தெரியாததை நான் எழுதவில்லை. நான் கோவிலுக்குப் போயிருந்த அந்தச் சாயங்காலம் மாப்பிள்ளை உன்னைப் பெண் கேட்டு வாசலில் வந்து நின்றார். லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவனுக்கா என்று உன் அப்பா அவரை வாய்க்கு வந்ததைச் சொல்லித் துரத்தினார். அது முடியும்வரை உன்னை உள்ளறையில் மடியில் சாய்த்துத் தலைவாரிக்கொண்டு, கதவைச் சாத்திக்கொண்டு இருந்தாள் அத்தை. அவளுடைய அண்ணன் அப்படிச் சொல்லி வைத்திருந்தார். விஷயம் தெரிந்ததும் நீ கூடத்தின் நடுவில் நின்று அவளை ஹோலிகா என்று கூப்பிட்டாய். அப்பாவை ஒன்றும் சொல்லவில்லை, அவளைத்தான் சொன்னாய். உன்மேல் தப்பு என்று சொல்ல வரவில்லை. யார் மடியில் தலைவைத்தோமோ அங்கேதான் வலிக்கும்.

அந்தப் பெண் மறுபடியும், "அந்தப் போர்வை காத்துல பறந்து பையன்மேல விழுந்து அவன் தப்பிச்சான்னு வாத்தியார் தாத்தா சொல்லுவாரே, காத்தா, இல்ல அந்த அத்தையே போத்திவிட்டாளா?" என்றாள். அத்தை கொஞ்சநேரம் பொம்மையைப் பார்த்தாள். "போத்தியிருக்கலாம். கையிலதான் இருந்துச்சு. போத்தலை. காத்துதான் போத்துச்சு" என்றாள். அதோடு கதை முடிந்தது. நெருப்பு வைத்தார்கள். பிள்ளைகள் வழக்கம்போல அரக்கி என்று கத்த வாயெடுத்தார்கள், என்னவோ, இரண்டு மூன்று குரலோடு நின்றுவிட்டது. உன் அப்பா பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். வீட்டுக்கு நாற்காலியை அவரேதான் தள்ளிக்கொண்டு வந்தார்.

மறுநாள் தெருவெல்லாம் கலர். நர்ஸம்மா வந்து அத்தை கன்னத்தில் ஒரு விரல் சிவப்புத் தொட்டுவிட்டுப் போனாள். பிறகு உன் அப்பா சாம்பல் கொண்டுவந்து தங்கை நெற்றியில் இட்டார். அத்தை அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணா, அன்னிக்கு என்னால முடியாதுன்னு உங்ககிட்ட சொல்லியிருக்கணும்" என்றாள். அவர், "சொல்லியிருந்தா மட்டும் நான் கேட்டிருப்பேனா?" என்றார். "நீங்க கேட்டிருக்க மாட்டீங்க. அவ காதுல விழுந்திருக்கும்ல" என்றாள். உன் அப்பா எழுந்து கொல்லைப்பக்கம் போனார், குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு வெகுநேரம் முகம் கழுவினார். அன்றிலிருந்து அத்தைக்குப் பால் ஊட்டுவது அவர்தான். அவருக்கு உன்னிடம் பேசவேண்டும் என்று இருக்கிறது, வாய் வரவில்லை. அவரை நான் பார்த்துக்கொள்கிறேன், அவருக்கு இன்னும் நாள் இருக்கிறது. அத்தைக்கு இல்லை. ஊட்டுகிற பாலில் பாதி வெளியே வந்துவிடுகிறது. கண் மூடியிருக்கும்போது, "வாலு தூங்கிட்டாளா?" என்று கேட்கிறாள். உன்னை அப்படிக் கூப்பிடுவதற்கு அவளை விட்டால் யார் இருக்கிறார்கள். தூங்கிவிட்டாள் என்று சொல்லிவைக்கிறேன்.

அங்கே குளிர் இன்னும் விடவில்லை என்றாயே, ராத்திரியில் தலைக்குக் குளிக்காதே. மாப்பிள்ளைக்கு வேலையில் உயரத்தில் ஏறும்போது கவனம் என்று நான் சொன்னதாகச் சொல். விளக்கேற்றும்போது உங்கள் இருவர் பெயரையும் சொல்லித்தான் ஏற்றுகிறேன். நாராயணன் உங்களுக்குப் பக்கத்திலேயே இருப்பான், தீர்க்காயுசாக இருங்கள்.

மன்னித்துவிட்டேன் என்று எழுதச் சொல்லி உன்னைக் கட்டாயப்படுத்தமாட்டேன், வராத வார்த்தையை வரவழைத்தால் அவளுக்கே தெரிந்துவிடும். கோபம் போகவில்லை என்றால் கோபமாக இருக்கிறேன் என்றே எழுது. தனிக் காகிதத்தில், அத்தைக்கு என்று போட்டு, உன் கையெழுத்தில் எழுது. நான் படித்துக் காட்டுகிறேன், காது இன்னும் கேட்கிறது. சீக்கிரம் பதில் போடு.

உன் அம்மா