ஈரத் துணியில் கரம் பவுடர்

டிச. 3, செவ்வாய்
விடியவே மழை. வேலை முடிந்து நேரே கழகம். பில்லியர்ட்ஸ் மேசை இன்றைக்கும் ஈரச் சாக்கு. பச்சைத் துணியைத் தொட்டால் கை குளிர்கிறது. மெல்லத் தட்டிய பந்து பாதி வழியில் படுத்துவிடுகிறது. பின்னேரம் முழுக்க இதே கூத்து.

ஞாயிறு எனக்கும் றியாஸுக்கும் போட்டி. வெல்கிறவர் கொழும்புப் போட்டிக்குப் போகும் கழக அணியில். ஒரேயொரு இடம். எத்தனை வருட ஆசை! அதை இந்த மேசையிலா தீர்மானிப்பது?

றியாஸ் கிண்ணியா ஆள், என் அலுவலகம்தான். சிரிக்கிறார்.
“மேசை ரெண்டு பேருக்கும் ஒண்டுதானே, மச்சான்?”
இல்லை. அவர் ஓங்கி அடிக்கிறவர், ஈரம் அவரை ஒன்றும் செய்யாது. நான் தட்டி விளையாடுகிறவன். எரிச்சல்.

கடையில் பாண், சீனி வாங்க வேண்டும். குடை திருத்த வேண்டும்.

டிச. 4, புதன்
மழை. கழகச் செயலாளரைக் கேட்டேன்: மேசைக்குக் கீழே நாலு குண்டு பல்பு எரியட்டும், துணி காயும்.
“கரண்ட் பில்லை ஆர் கட்டுறது, தம்பி? மழை விட்டால் தானாக் காயும்.”
மழை தையில்தான் விடும்.

யாருக்கு எது பிடிக்கும்:
றியாஸ் – எந்தத் துணியும்.
நான் – காய்ந்த துணி, ஓடுகிற பந்து.
செயலாளர் – பில் வராத மேசை.

குடை மறந்துபோனது. நனைந்தேன்.

டிச. 6, வெள்ளி
கொஞ்சம் வெயில். கழகத்துக்குப் போனால் மேசை முழுக்க வெள்ளை. யாரோ கரம் போர்டுக்குப் போடும் பவுடரைத் தூவித் தேய்த்திருக்கிறார்கள்! ஈரத்தில் பிட்டு மா மாதிரித் திரண்டு கிடக்கிறது. பந்து உருளவில்லை, உழுகிறது.
“எந்த விசரன் செய்தது?” கத்தினேன்.
றியாஸ் கதிரையை விட்டு எழும்பினார்.
“நான்தான். பந்து ஓடுதில்லை எண்டு கிழமை முழுக்கக் கத்துறீங்க. கரத்துக்குப் போட்டா வழுக்கும்தானே. உங்களுக்கெண்டுதான் போட்டன்.”
ஜும்மா முடிந்து நேரே வந்து தேய்த்தாராம். பந்து ஓடினால் கஷ்டம் அவருக்குத்தான்.
நன்றி சொல்லியிருக்கலாம். “இது கரம் இல்லை!” என்று இன்னொரு தரம் கத்திவிட்டு வந்தேன். சீ.

டிச. 7, சனி
தூறல். செயலாளரின் போன். றியாஸ் விலகிவிட்டாராம். மேசையைப் பழுதாக்கியது தான்தானாம், நான் போகட்டுமாம்.
“உங்கட பேரை எழுதுறன். சரிதானே?”
ஓம் என்றால் முடிந்தது. கொழும்புக்கு இப்படியா போவது? பிறகு சொல்கிறேன் என்று வைத்துவிட்டு றியாஸுக்கு எடுத்தேன்.
“நாளைக்கு வாங்கோ. விளையாடுவம்.”
“அந்த மேசையிலயா? அதில உங்களுக்கு ஏலாது, மச்சான்.”
“வாங்கோ எண்டு சொல்லுறன்.”
இந்த மனுஷனோடு கோபிக்கவும் முடியவில்லை.

டிச. 8, ஞாயிறு
மழை. இருவருமாகத் துணியைத் தூரிகையால் தட்டினோம். பவுடர் பாதி போனது. இருவருக்கும் தும்மல்.

இழுபறி. கடைசியில் கறுப்புப் பந்து மட்டும் மிச்சம், விழுத்துகிறவருக்குக் கொழும்பு. என் முறை. இந்தத் துணியில் தட்டினால் போகாது. ஓங்கி அடித்தேன், வாழ்க்கையில் முதல் தரம். குழியின் இரண்டு பக்கமும் இடித்துத் திரும்பி வந்தது. றியாஸ் என்னைப் பார்த்தபடி நின்றார்.
“அடியுங்கோ,” என்றேன்.
அடித்தார். விழுந்தது.

வீட்டில் மனைவி சோறு போட்டாள்.
“என்னப்பா, மேசை பிழையோ?”
“மேசைக்கு ஒண்டுமில்லை,” என்றேன்.