ஒன்பது வரி அதிகம்

மார்ச் 4, செவ்வாய்

சாப்பாட்டு இடைவேளையில் அந்த விளம்பரத்தை மறுபடியும் படித்தேன். வேறொரு கம்பெனியில், சரக்கு அனுப்பும் டிஸ்பாட்ச் பிரிவுக்குப் பொறுப்பாளர் தேவை, பத்து வருட அனுபவம், விண்ணப்பிக்கக் கடைசி நாள் 14. எனக்குப் பதினோரு வருடம் ஆகிறது. ஒரு வாரமாக இதே பிழைப்பு — படிப்பது, படித்த சுவடு தெரியாமல் பிரவுசரில் ஹிஸ்டரியை அழிப்பது. இன்றைக்கு அழிக்கப் போனால் 'அழி' பொத்தான் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடக்கிறது. அமுக்கினேன். இன்னும் நாலு தரம் அமுக்கினேன். ம்ஹூம்.

வேறு நாளாக இருந்தால் அடுத்த நிமிடமே இன்டர்காமில் கூப்பிட்டுக் கத்தியிருப்பேன். இந்த ஆபீஸில் யார் கணினியில் எது திறக்கலாம், எது கூடாது என்று செட்டிங் வைப்பது என் வீட்டுக்காரர்தான். மாடியில் உட்கார்ந்திருக்கிறார். அட்மின்.

கூப்பிடவில்லை. கூப்பிட்டால், "எதை அழிக்கணும்?" என்பார். என்ன சொல்வது?

மார்ச் 5, புதன்

பக்கத்து சீட்டில் இருப்பவரை எல்லோரும் ஸ்டாப்ளர் அக்கா என்போம். தன் ஸ்டாப்ளருக்குச் சங்கிலி போடாத குறை. அவர் டீ குடிக்கப் போனதும் அவர் சீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். அங்கே அழி பொத்தான் உயிரோடு பளிச்சென்று இருக்கிறது!

எனக்குப் பொறி தட்டியது. பிரவுசரில் ஒரு பக்கம் உண்டு, என் வீட்டுக்காரரே எப்போதோ காட்டியது. அதைத் திறந்தால், அந்தக் கணினிக்கு அட்மின் போட்டிருக்கும் கட்டுப்பாடுகளெல்லாம் வரிசையாக வரும். பாலிசி என்பார்கள். அக்காவுடையதில் இருபத்திரண்டு வரி. என் சீட்டுக்கு ஓடி வந்து எண்ணினேன். முப்பத்தொன்று. திரும்ப எண்ணினாலும் முப்பத்தொன்றுதான்.

நான் மறுபடி அக்கா சீட்டுக்குப் போய்ச் சரிபார்க்கும்போது அவர் வந்துவிட்டார்.

"என் இடத்துல என்னம்மா பண்றே?"

"பாலிசி பார்க்கறேன்க்கா."

"ஐயோ வேண்டாம்மா, மச்சினன் ஏற்கெனவே ரெண்டு பாலிசி என் தலையில கட்டிட்டான்."

சிரிப்புக்கூட வரவில்லை. எனக்கு மட்டும் ஒன்பது வரி அதிகம். ஏன்?

மார்ச் 6, வியாழன்

பார்த்த சுவடு பதியாமல் பிரவுசரில் திறக்கும் 'இன்காக்னிட்டோ' என்ற ரகசிய ஜன்னலும் போய்விட்டது. மெனுவில் அந்த வரியே இல்லை.

மார்ச் 8, சனி

யாராவது பாஸ்வேர்டு தட்டினால் இவர் தலையைத் திருப்பிக்கொள்வார். ஆபீஸில் இவருக்குப் பெயரே 'சுவர் சார்'. வீட்டிலும் அப்படித்தான் — நான் போனைத் திறந்தால் ஃபேனைப் பார்ப்பார். கல்யாணமாகிப் பதினாலு வருடமாக இதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன். இன்று காலை சமையலறையில் போனை எடுத்தேன், டக்கென்று ஜன்னல் பக்கம் திரும்பினார். அப்போதுதான் தோன்றியது. உள்ளேயிருந்தே எல்லாவற்றையும் பார்க்க முடிகிறவர் என் விரலைப் பார்ப்பானேன்? இத்தனை நாளும் நடிப்போ?

சீ. என்ன புத்தி இது. ஆனாலும் அந்த ஒன்பது வரி?

நான் ஏன் இவரிடம் சொல்லவில்லை என்று யாராவது கேட்டால் — போன வருடம் பேச்சுவாக்கில் வேறு வேலை என்று ஆரம்பித்தேன். "ஒண்ணா போறோம், ஒண்ணா வர்றோம். இது எத்தனை பேருக்குக் கிடைக்கும், சொல்லு" என்றார். எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னார்! அதற்கு மேல் எனக்கு வாய் எழவில்லை. அந்தக் கம்பெனி ஊரின் மறுகோடியில். ரயிலில் ஒரு மணி நேரம். ஒரே வண்டியில் போய்வருவது அதோடு முடிந்தது. ஆனால் எனக்கு அந்த வேலை வேண்டும். பதினோரு வருடமாக இன்னொருவர் கையெழுத்துக்காகக் காத்து நிற்கிறேன், போதும்.

மார்ச் 11, செவ்வாய்

விண்ணப்பத்தில் பாதியைக் காலையில் நிரப்பிச் சேமித்து வைத்திருந்தேன். மதியம் திறந்தால் நம் கம்பெனி முத்திரையோடு ஒரு வெள்ளைப் பக்கம்: 'இந்தத் தளம் உங்கள் நிர்வாகியால் தடுக்கப்பட்டுள்ளது.'

என் நிர்வாகி!

சாயங்காலம் வண்டியில் வரும்போது, சிக்னலில், முகத்தைத் திருப்பாமலே கேட்கிறார். "இன்னிக்கு உன் மெஷின்ல ஏதாவது பிரச்சினையா?"

"இல்லையே."

"எதுவுமே?"

"எதுவும் இல்லைன்னு சொன்னேனே."

"சரி, சரி" என்றார். அந்த 'சரி'யில் ஒரு திருப்தி இருந்தது. என் காதில் விழுந்தது. போட்டு வாங்கப் பார்க்கிறாரா? நான் ஒன்றும் காதில் பூ வைத்துக்கொண்டு வரவில்லை.

மார்ச் 12, புதன்

அக்கா கணினியில் அதே தளம் ஜம்மென்று திறக்கிறது. எனக்கு மட்டும்தான் பூட்டு.

அவனுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துகொண்டு, ஒரு வார்த்தை கேட்காமல், மாடியில் உட்கார்ந்தபடி கதவை மூடுகிறான். பெண்டாட்டியை நேருக்கு நேர் கேட்கத் துப்பில்லை. பொத்தானைச் சாகடிக்கிறான்.

மார்ச் 13, வியாழன்

மகள் டியூஷன் போனதும் கேட்டுவிட்டேன்.

"என்னை வேவு பாக்கறியா?"

பதினாலு வருடத்தில் முதல் 'நீ'. என் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு எனக்கே தூக்கிவாரிப் போட்டது. ஆனாலும் நிறுத்தவில்லை. "ஹிஸ்டரியை அழிக்க விடல. ரகசிய ஜன்னலை எடுத்தாச்சு. நான் வேலைக்கு எழுதிப் போடற சைட்டை எனக்கு மட்டும் மூடியாச்சு. வேற வேலைக்குப் போகக் கூடாதுன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லு!"

துணி மடித்துக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றார். கையில் மகளின் சாக்ஸ், ஒன்று மட்டும்.

"எந்த வேலை?" என்றார்.

நடிப்பில்லை. அந்த முகத்தை எனக்குத் தெரியும். அவருக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை. நான் சொல்லித்தான் தெரிகிறது. ஐயோ, என் வாயாலேயே —

எல்லாவற்றையும் சொன்னேன். ரயில், ஒரு மணி நேரம், பொறுப்பாளர், நாளைக்குக் கடைசி நாள். கேட்டுக்கொண்டே இருந்தார். "அப்ப எதுக்காக மூடினீங்க?" என்றேன். 'நீங்க' தானாகத் திரும்பி வந்துவிட்டது.

"அதை இப்ப சொல்ல முடியாது" என்றார். பிறகு அந்தச் சாக்ஸின் ஜோடியைத் தேட ஆரம்பித்தார்.

சொல்ல முடியாதாமே! அப்படி என்ன ராஜாங்க ரகசியம்?

மார்ச் 14, வெள்ளி

விண்ணப்பத்துக்கு இன்றே கடைசி நாள்.

போனில் அந்தப் படிவம் ஒழுங்காகத் திறப்பதில்லை. சான்றிதழ் சேர்க்கும் இடமே காணோம். இவர் மடிக்கணினியைக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. சாயங்காலம் மகளின் டேப்லெட்டை வாங்கி முதலிலிருந்து நிரப்பினேன். கடைசிப் பக்கத்தில் இருக்கும்போது எட்டு மணி. திரை கறுத்தது. 'இன்றைய நேரம் முடிந்தது.' மகளுக்கு இவர் வைத்த பூட்டு.

"உன்னையும் பூட்டிட்டாராம்மா?" என்று மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே கூடத்துக்கு ஓடினாள். "அப்பா, அம்மா ஃபார்ம் போட்டுட்டு இருந்தா, லாக் ஆயிடுச்சு!"

நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். விதிவிலக்கு என்ற சொல்லே பிடிக்காத மனிதர். முதலாளியின் மச்சான் கிரிக்கெட் சைட்டுக்காகக் கெஞ்சியபோதுகூட முடியாது என்றவர். கார்ட்டூன் முடிய அஞ்சு நிமிடம் இருக்கிறது என்று மகள் அழுதபோதும் கொடுத்ததில்லை.

திரையில் வெளிச்சம் வந்தது. 'முப்பது நிமிடம் கூட்டப்பட்டது.'

அனுப்பிவிட்டேன். கூடத்துக்குப் போனபோது செய்தித்தாளைப் பிரித்து முகத்துக்கு நேரே வைத்திருந்தார். ஏன் கொடுத்தார்? குற்ற உணர்ச்சியா? இன்னமும் எனக்குப் பிடிபடவில்லை.

மார்ச் 17, திங்கள்

காலை ஒன்பது மணிக்கு ஆபீஸே அல்லோலகல்லோலம். வேலை தேடும் தளங்கள் அத்தனையும் எல்லோருக்கும் மூடியாயிற்று. அழி பொத்தான் எல்லோருக்கும் சாம்பல். போன மாதம் விற்பனைப் பிரிவில் மூன்று பேர் சேர்ந்தாற்போல் விலகியதில் முதலாளி போட்ட உத்தரவாம்.

"என் சைட்டு போச்சு!" என்று பக்கத்தில் ஒரு அலறல்.

"எந்த சைட்டுக்கா?" என்றேன்.

ஸ்டாப்ளர் அக்கா ஸ்டாப்ளரைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

அவர் பாலிசிப் பக்கத்தைப் பார்த்தேன். முப்பத்தொன்று. என்னுடையதும் முப்பத்தொன்று. எனக்கு மட்டும் என்றிருந்த ஒன்பது வரி இப்போது எல்லோருக்கும்.

மார்ச் 18, செவ்வாய்

இன்றைக்குத்தான் சொன்னார். திங்கட்கிழமை வரை யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்பது முதலாளி உத்தரவு. பெண்டாட்டியும் 'யாரிடமும்'தான் என்று எடுத்துக்கொண்டாராம். வேறு யார் இப்படி எடுத்துக்கொள்வார்கள்!

"சரி, ஏன் என் மெஷின்ல மட்டும் முதல்ல?"

"எல்லாமே முதல்ல உன் மெஷின்லதான் போடுவேன். நீ இங்க சேர்ந்த நாள்லேர்ந்து. சோதனைக் குழுன்னு ஒண்ணு இருக்கு. அதுல நீ ஒருத்திதான்."

"நான்தான் கிடைச்சேனா?"

"மத்தவங்க ஒரு பட்டன் போச்சுன்னா ஒரு மாசம் கம்முனு இருப்பாங்க. நீதான் அடுத்த நிமிஷமே போனைப் போட்டுக் கத்துவே. உன் சத்தத்தை வெச்சுத்தான் நான் எதையும் திருத்தறது." கொஞ்சம் நிறுத்தினார். "இந்தத் தடவை நீ கத்தலை. வண்டியில ரெண்டு தரம் கேட்டேன். ஒண்ணும் இல்லைன்னே. சரி, எல்லாம் ஒழுங்கா இருக்குன்னு அன்னிக்கே முடிவு கட்டி, நேத்து எல்லாருக்கும் போட்டுட்டேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கமாக இருந்தது. இருந்தாலும் கேட்காமல் விடவில்லை, என் சுபாவம் அப்படி. "நான் என்ன பார்க்கறேன்னு உங்களால பார்க்க முடியுமா?"

"முடியும்."

"பார்த்தீங்களா?"

"இல்லை."

சத்தியம் எதுவும் பண்ணவில்லை. நானும் கேட்கவில்லை.

மார்ச் 25, செவ்வாய்

நேர்காணல். திரும்பி வந்தபோது ஸ்டேஷன் வாசலில் வண்டியோடு நின்றுகொண்டிருந்தார்.

ஏப்ரல் 2, புதன்

பதினோரு மணிக்கு அந்தக் கம்பெனியிலிருந்து மெயில் வந்திருப்பதாகப் போன் சொன்னது. போனிலேயே திறந்திருக்கலாம். திறக்கவில்லை. மாடிக்குப் போனேன்.

"உங்க மெஷின்ல ஒரு மெயில் பாக்கணும்."

எழுந்து நாற்காலியைக் கொடுத்தார். பாஸ்வேர்டு கட்டம் வந்ததும் வழக்கம்போலச் சுவர்ப் பக்கம் திரும்பினார். அங்கே தீயணைப்புக் குறிப்பு மாட்டியிருக்கிறது, அதை எத்தனை ஆயிரம் தரம் படித்திருப்பாரோ.

"திரும்பாதே. பாரு" என்றேன்.

இரண்டாவது 'நீ'. அவரும் கவனித்தார் என்று நினைக்கிறேன், காது சிவந்தது. ஆனால் தலை மட்டும் திரும்பவில்லை.

"பழக்கமாயிடுச்சு. தட்டு" என்றார், சுவரைப் பார்த்தபடியே.

தட்டினேன். கடிதம் திறந்தது. எனக்குக் கண் ஓடவில்லை. "இப்பவாவது திரும்பேன்" என்றதும் வந்து என் தோளுக்கு மேலாகக் குனிந்து படித்தார்.

"ஜூன் ரெண்டாம் தேதி சேரணுமாம்."

நிமிர்ந்துகொண்டே, "உன் மெஷினைச் சோதனைக் குழுவிலேருந்து இன்னிக்கே எடுத்துடறேன்" என்றார்.

"இப்ப என்ன அவசரம்? இன்னும் ரெண்டு மாசம் இருக்கே" என்றேன். "கத்தறேன்."