மேசையில் இரண்டு துண்டு ரொட்டி

தூங்குகிறாய், எழுப்பவில்லை. டாக்டர் போன் செய்தார். உன் குடலுக்குள் கேமரா விட்டுப் பார்த்து "ஒண்ணும் இல்லை" என்றார்களே, அதை நம்ப முடியாதாம். "டெஸ்டுக்கு முன்னாடியே கோதுமையை நிறுத்திட்டீங்களா?" என்று கேட்டார். நான்தானே நிறுத்தினேன், உனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று. கோதுமை விட்டதில் உள்ளே இருந்த புண் ஆறியிருக்குமாம், அதனால்தான் கேமராவில் தெரியவில்லையாம். அந்த ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் "எல்லாம் உன் மனசுலதான்" என்று கத்தினேன்.

புண் மறுபடி கண்ணில் பட, ஆறு வாரம் தினமும் கோதுமை ரொட்டி சாப்பிட்ட பிறகு இன்னொரு டெஸ்ட். இன்றைக்கு இரண்டு துண்டு மேசையில் மூடி வைத்திருக்கிறேன். வயிற்றைப் பிசையும், தெரியும்.

தனியாகச் சாப்பிடாதே. பஸ்ஸை டிப்போவில் விட்டுவிட்டு நான்கு மணிக்கு வந்துவிடுவேன். பேசாவிட்டாலும் போகட்டும், உள்தாழ்ப்பாள் மட்டும் போடாதே.

கேமரா டாக்டருக்குத்தான் வேண்டும். எனக்கு நீ "வலிக்குது" என்று சொன்னதே போதுமானதாக இருந்திருக்க வேண்டும்.