அட்டையில் போட்ட பெயர்

ஜூன் 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. நான் நலம், முழங்கால் மட்டும் படியைக் கண்டால் முறைக்கிறது.

உன் முட்டை நிலையத்திலிருந்து நீ அனுப்பிய முட்டை அட்டையில் பொரிந்த பட்டுப்புழுக்கள் கூடு கட்டி முடித்துவிட்டன. சொன்னால் கோபிப்பாய், சொல்லாவிட்டால் நான் உன் அக்கா இல்லை. கூடு சரியில்லை. ஒன்று கட்டைவிரல் பருமன், பக்கத்திலேயே இன்னொன்று சுண்டுவிரல் நுனி. அழுத்தினால் அமுங்குகிறது. அதே அறையில் அதே மல்பெரி இலையைத் தின்ற, நான் வழக்கமாக முட்டை வாங்கும் பழைய நிலையத்துப் புழுக்களோ ஒரே அச்சில் வார்த்த மாதிரி கட்டியிருக்கின்றன.

நூல் எடுக்கிறவர் உன்னுடைய கூட்டை வெந்நீரில் போட்டு நூல் இழுத்துப் பார்த்தார். "என்ன டீச்சர், கோபக்காரன் பேச்சு மாதிரி பாதியில பாதியில அறுந்து போகுது?" என்றார்.

முட்டைக்குத் தாய்க்கூடு எங்கிருந்து எடுக்கிறாய்?

அன்புடன்,
அக்கா

ஜூன் 11

அன்புள்ள அக்காவுக்கு,

எங்கிருந்தா? உன்னிடமிருந்துதான்! போன தடவை நீ விற்ற கூடுகளைச் சந்தையில் பார்த்தேன். முத்து முத்தாக இருந்தன. நூலுக்குப் போகவிடாமல் நானே வாங்கி, பூச்சி வெளிவந்ததும் முட்டை எடுத்தேன். அட்டையில் 'டீச்சர் வீட்டு முட்டை' என்று அச்சடித்தும்விட்டேன். அடித்துப் பிடித்துக் கேட்கிறார்கள்.

உன் வீட்டுப் புழுவுக்கு நீயே குறை சொன்னால் எப்படி? யாராவது கேட்டால் இலை வாடிவிட்டது என்று சொல்லிவிடேன். நீ வாயைத் திறந்தால் என் கடைக்குப் பூட்டுதான்.

உன் தம்பி

ஜூன் 19

அன்புள்ள தம்பிக்கு,

நான் விற்றது நூலுக்கான கூடு. விதைக்கான, அதாவது முட்டை எடுப்பதற்கான கூடு அல்ல. இரண்டு தனி இனங்களைச் சேர்த்து எடுத்த கலப்பு அது. முதல் தலைமுறை சீராக வரும். அதையே மறுபடி முட்டையிட விட்டால் பிள்ளைகளில் ஒன்று தாத்தா பக்கம் இழுக்கும், ஒன்று பாட்டி பக்கம் இழுக்கும். நம்மையே பாரேன். ஒரே வயிற்றில் பிறந்தோம், கையெழுத்தாவது ஒத்துப்போகிறதா?

இலை வாடவில்லை. வாடியதாகச் சொல்லவும் மாட்டேன்.

நேற்றுப் பக்கத்து வீட்டுக்காரி வந்தாள். "உங்க பேர் போட்டிருக்குதேன்னு ரெண்டு அட்டை சொல்லி வெச்சிருக்கேன் டீச்சர்" என்றாள்.

"வேணாம்டி. அது என் பேருதான், என் வாக்கு இல்ல" என்றேன். சந்தையிலும் போய்ச் சொல்லிவிட்டேன்.

என் பெயரை எடுத்துவிடு. விதைக்கூடு வாங்கு. தாய்ப்பூச்சியை நுண்ணோக்கியில் பார்த்து, நோயில்லாத முட்டையைக் கொடு. முதல் அட்டையை நானே வாங்கிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அக்கா

ஜூலை 2

மதிப்பிற்குரிய ஓய்வுபெற்ற ஆசிரியை அவர்களுக்கு,

தங்கள் பெயர் அட்டையிலிருந்து நீக்கப்பட்டது. கேட்டிருந்தவர்கள் எல்லாரும் வேண்டாம் என்றுவிட்டார்கள். தங்களுக்குத் திருப்தியாக இருக்கும். இனி எனக்கு அக்கா என்று யாரும் இல்லை.

இப்படிக்கு,
முட்டை நிலைய உரிமையாளர்

ஜூலை 8

அன்புள்ள தம்பிக்கு,

என் விளி மாறவில்லை, பார்த்தாயா?

உன் கடிதத்தில் ஒரு பிழைகூட இல்லை. கோபத்தில்தான் உனக்கு இலக்கணம் வருகிறது. சந்தையில் சொன்னதை மறுபடி கேட்டாலும் அப்படியேதான் சொல்வேன்.

புழு வளர்க்கும் தட்டுகளில் ஒரு வரிசையைக் கழுவி, வெயிலில் காயவைத்து, காலியாக வைத்திருக்கிறேன். அது உன் நல்ல முட்டைக்கு. அதுவரை அதில் வேறு எதையும் ஏற்ற மாட்டேன்.

என் பெயரைத்தான் எடுக்கச் சொன்னேன். அக்கா என்பதை எடுக்கச் சொல்லவில்லை. அது நீ அச்சடித்ததல்ல.

அக்கா